தங்கதுரை வீட்டுக் கடல்மீன் தொட்டி

மூன்றாவது தடவையாகத் தொட்டி பொங்கிவிட்டது.

இசைவாணி தியாகதுருகத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோதே தங்கதுரை வீட்டுக் காவல்காரர் மாயவன் போனில் சொல்லிவிட்டார். "பாப்பா, ஒல சோறு பொங்கி வழியற மாரி வழிஞ்சிக்கினு கெடக்குது. தரையெல்லாம் உப்புத் தண்ணி. அம்மா கத்திகினு இருக்காங்க. சீக்கிரம் வா."

அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கதுரையின் புது வீட்டுக் கூடத்தில் யாருமில்லை. தரையில் பழைய வேட்டிகளை விரித்துப் போட்டிருந்தார்கள். ஆறடி நீளத் தொட்டியின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. ஸ்கிம்மர் கிண்ணம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஸ்கிம்மர் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைக் காற்றுக் குமிழியால் நுரையாக்கி மேலே தள்ளுகிற மிஷின். நுரைப்பதுதான் அதன் வேலை. ஆனால் ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் வரவேண்டிய இடத்தில் விடிவதற்குள் ஒரு குடம் வந்தால், தண்ணீரில் வேறு என்னமோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த என்னமோ எது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

நீல டாம்சல் மீன் ஒன்று கல்லிடுக்கில் சாய்ந்து கிடந்தது. செவுள் அசையவில்லை. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் முதலில் ஸ்கிம்மரை நிறுத்தினாள். செத்த மீனை வலையில் எடுத்தாள். தனக்குத் தெரிந்த ஒரே வேலையில் தானே முட்டாளாக நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

வேடியப்பனுக்கும் ராஜாம்பாளுக்கும் பிறந்தவர்களில் காலேஜ் வாசலை மிதித்தவள் இவள் ஒருத்திதான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா நைனார்பாளையம் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கிற ஒரு சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கிறவள். மகள் விலங்கியல் படித்து, முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு இரண்டு வருஷம் அலைந்து, கடைசியில் கள்ளக்குறிச்சியில் இளஞ்செழியனின் வண்ணமீன் கடையில் சேர்ந்தாள். கடை என்றால் தங்கமீன், கௌராமி, வாஸ்து மீன் என்று அரவானா. எல்லாம் நல்ல தண்ணீர் மீன்கள். கடலிலிருந்து இத்தனை தூரத்தில் கடல்மீன் தொட்டி வைக்கலாம் என்று அந்தக் கடையில் யாரும் யோசித்ததில்லை. அவள்தான் யோசித்தாள். சேகோ மில் முதலாளி தங்கதுரை புது வீட்டுக்கு "ஊர்ல எவன் வூட்லயும் இல்லாத மாரி ஒண்ணு வேணும்" என்று வந்து நின்றபோது அவள்தான் வாய் திறந்தாள்.

"இந்த டேங்க் நின்னுச்சின்னு வெய்யி, விழுப்புரத்துல கடல்மீனுக்குன்னே ஒரு கடை போடறேன்" என்று இளஞ்செழியன் சொல்லியிருந்தார். "நீதான் அதுக்கு எல்லாம். சாவி உங்கிட்ட. நிக்கலின்னா, இசை, தப்பா எடுத்துக்காத, அப்பால எனக்கு இந்த எழவே வேணாம்."

கடலூர்த் துறைமுகத்திலிருந்து டேங்கரில் தண்ணீர் வந்தது. கல் போட்டாள், மணல் போட்டாள், தண்ணீர் பழகுவதற்காகக் கார்த்திகை முழுக்கக் காத்திருந்தாள். தை மாதம் கிரகப்பிரவேசம். அதற்குள் மீன் நீந்த வேண்டும். அந்த ஒரு மாதமும் தொட்டி கண்ணாடி போலத்தான் இருந்தது. தங்கதுரை குடும்பம் பக்கத்துப் பழைய வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி அமிர்தம் சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்து, "வெறும் தண்ணிய வெச்சிகினு இன்னாம்மா பாத்துகினே குந்தியிருக்கற" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

நுரை ஆரம்பித்தது மீன் வந்த பிறகு.

மீன்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவள் கடலூரிலிருந்து வந்த அன்றைக்கு எலவனாசூர்கோட்டையில் மறியல். இட ஒதுக்கீடு கேட்டு அந்த மாதம் பூராவும் எங்காவது மனு, எங்காவது மறியல். லாரிகள் வரிசையாக நின்றன. பாலிதீன் பைகளில் மீன்களுக்கு அடைத்த காற்று குறைந்துகொண்டே வந்தது. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். அவள் இறங்கி, லாரிகளை ஒவ்வொன்றாகக் கடந்து முன்னால் போனாள். தாரில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் தங்கதுரையின் மகன் அஜித்குமாரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"உங்க வூட்டு மீன்தான் வண்டியில இருக்குது. காத்து கம்மியாயிகினே வருது. கொஞ்சம் வழி வுடச் சொல்லுங்க."

"டே, நம்ம வூட்டு மீன் டாக்டர்டா. வழி வுடுங்கடா" என்று அவன் எழுந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தியாகதுருகத்துப் பையன் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான்.

"டாக்டரா? நம்ம காலனி வேடியப்பன் பொண்ணுடா இது. எங்க கரும்பு வெட்டறாரே, அவுரு பொண்ணு."

அஜித்குமாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் இறங்கி அவள் கையைப் பார்த்தது. "அதான பாத்தேன்" என்றான். "உங்களுக்கின்னா, கோட்டாவுல ஜம்முனு படிச்சிட்டு வந்துட்டீங்க. நாங்கதான் வெயில்ல குந்திகினு இருக்கோம்."

"கேளுங்க, குடுக்கட்டும். வேணான்னு நான் சொன்னனா? வண்டிய வுடுங்க, மீன் செத்துடும்."

விட்டார்கள். அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டிருந்தால் அவள் முதல் செமஸ்டர்கூட முடித்திருக்க மாட்டாள்.

மீன்களை விட்ட மறுநாளே முதல் தடவை நுரை. கூடுதலாக ஏற்றிவந்த கடல் தண்ணீர் மறியலில் வெயிலில் நின்று கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். பாதித் தண்ணீரை மாற்றினாள். அடங்கியது. அடுத்த வாரம் தொட்டியைத் துடைத்து, வலையை அலசி, கிண்ணத்தைக் கழட்டி மாட்டிவிட்டு வந்தாள். விடிந்தால் மறுபடியும் நுரை. புது ஸ்கிம்மர் கொஞ்ச நாள் அப்படித்தான் ஆடும் என்று காற்றைக் குறைத்து வைத்தாள். சிலிக்கான் பசை சரியாகக் காயவில்லையோ என்று மூலை மூலையாக முகர்ந்து பார்த்தாள். தீனி ஜாஸ்தியோ என்று ஒருநாள் மீன்களைப் பட்டினி போட்டாள்.

அதன் பிறகு அவள் சந்தேகப்பட்டது தன் கையை.

கொரோனா காலம். கேட்டருகே பக்கெட்டும் சோப்பும் வைத்திருந்தார்கள். அவள் கை கழுவாமல் உள்ளே போனதில்லை. விரலிடுக்கில் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் கடல் தண்ணீர் நுரைக்கும். அதனால் சோப்புக்குப் பிறகு வெறும் தண்ணீரில் தோல் சுருங்கும்வரை கையை அலசினாள். இப்போது அதையும் மீறித்தான் இந்த மூன்றாவது நுரை.

அமிர்தம் பின்கட்டு வழியாக வந்தாள். முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழேவரை இழுத்துவிட்டிருந்தாள். காபியைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கதவோரத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மீன் வந்ததிலிருந்து பேப்பர் கப்தான். ஊரே அப்போது ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதில் எது நோய்க்கு, எது எதற்கு என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

"இன்னாம்மா, பெரிய படிப்பு படிச்சிட்டு வந்து சோப்புத் தண்ணி கடை போட்டுட்ட?"

"காரணம் கண்டுபுடிச்சிடுவேன்மா. ஒரு வாரம் நான் தொட்டியில கையே வெக்கல. நான் சொல்லச் சொல்ல மாயாண்ணன் செய்யட்டும். என் கையிலதான் ஏதாவது இருக்குதான்னு பாத்துடலாம்."

அமிர்தம் அவளை உற்றுப் பார்த்தாள். "செய்யி" என்றாள்.

அந்த ஒரு வாரமும் இசைவாணி தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். கல்வராயன்மலையிலிருந்து வந்து அந்த வீட்டில் காவலுக்கும் தோட்டத்துக்கும் இருக்கிற மாயவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் சொன்னபடி கிண்ணத்தைக் கழட்டினார், மாட்டினார், வலையை அலசினார். நுரை வரவில்லை. தண்ணீர் துலங்கியது. கோமாளி மீன் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிந்தன. காரணம் கையில் அகப்பட்ட சந்தோஷத்தில் அவள் அமிர்தத்திடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"நான் சொன்னேனில்லம்மா? நான் தொடாதப்ப நுரையே இல்ல. என் கையிலதான் ஏதோ இருக்குது."

"நான் அவருகிட்ட அப்பவே சொன்னேன்" என்றாள் அமிர்தம்.

நம் பேச்சை இந்த அம்மா எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்று இசைவாணி அப்போது நினைத்தாள். அதற்குப் பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

வீட்டுக்குப் போய்த் தன் கையில் என்ன இருக்கிறது என்று தேடினாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். முகத்துக்குப் பூசும் கிரீமைத் தூக்கிப் போட்டாள். குளிக்கிற சோப்பை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் குளித்தாள். ராஜாம்பாள் மகளின் வறண்ட தலையைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, சாமியாரா போகப் போறியா? சொல்லிட்டுப் போ, ஒரு ஆளு சோறு கம்மியா வடிக்கிறேன்" என்றாள். கிழங்குப் பாலில் ஊறி வெடித்த விரல்களால் மகள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த முறை போனபோது பெரிய கல் ஒன்று சரிந்து பம்ப் மேல் சாய்ந்திருந்தது. மாயவனின் கை அந்தச் சந்தில் நுழையவில்லை. இசைவாணி முழங்கை வரைக்கும் கழுவி, துடைக்காமல் உலரவிட்டு, கையை உள்ளே விட்டாள். கல்லை வெளியே எடுத்துப் பார்த்து, அடியைச் சரிசெய்து மறுபடி உட்காரவைத்தாள். இத்தனை சுத்தமான கை இந்த ஜில்லாவிலேயே இருக்காது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தவளுக்கு, உப்பளவு பார்க்கிற கருவியை அங்கேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனாள்.

கூடத்தில் தொட்டி மூடியில்லாமல் இருந்தது. அவள் உட்காரவைத்த கல் அந்த இடத்தில் இல்லை. பின்கட்டில் தண்ணீர் சத்தம் கேட்டது.

துவைக்கிற கல்லில் மாயவன் உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய பித்தளை அண்டா. அதற்குள் அவள் எடுத்து வைத்த கல், அவள் பிடித்த வலை, அவள் திறந்த கண்ணாடி மூடி. அண்டா முழுக்கப் பழுப்பு நுரை. மாயவன் தேங்காய் நார் போட்டு அந்தக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரை கல்லின் ஒவ்வொரு துளைக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. அமிர்தம் பக்கத்தில் நின்று சொம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒரு சாக்கில் பூந்திக்கொட்டை.

இசைவாணி அண்டாவுக்குப் பக்கத்தில் போனாள்.

"இன்னாம்மா பண்றீங்க?"

அமிர்தம் திடுக்கிடவில்லை. "கழுவறோம். கொரோனா."

"பூந்திக்கொட்டையிலயா?"

"சோப்பு மீனுக்கு ஆவாதுன்னு நீதான சொன்ன. அதான் மாயவன மலைக்குப் போறப்ப எடுத்தாரச் சொன்னேன். இதுல இன்னா மருந்தா கலந்திருக்குது? மரத்துல காய்க்கிறது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. மீன்மேல் அவளுக்கு அக்கறை இருந்தது. பழைய வீட்டுப் பித்தளையையும் பட்டுப்புடவையையும் பூந்திக்கொட்டையில்தான் அலசினார்கள். தொட்டியையும் அதே மரியாதையோடுதான் நடத்தியிருக்கிறார்கள்.

"எப்பலேர்ந்து கழுவறீங்க?"

"நீ வந்துட்டுப் போனா கழுவறதுதான்."

"எங்க ஓனர் ரெண்டு வாட்டி வந்து கைய வுட்டுப் பாத்தாரே. அப்ப?"

அமிர்தம் சொம்பைக் கலக்குவதை நிறுத்தினாள். "அவுரு தொட்டா எதுக்குக் கழுவணும்?" என்று கேட்டாள். அது கேள்விதான். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

எலவனாசூர்கோட்டைத் தார் ரோடும், அவள் கையைப் பார்த்த அந்தக் கண்ணும், பேப்பர் கப்பும் அப்போதுதான் இசைவாணிக்கு வரிசையாக வந்து நின்றன. மீன் வந்த அன்றிலிருந்து நுரை என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மீனோடு சேர்ந்து அன்றைக்கு அவள் தெருவும் அந்த வீட்டுக்குள் வந்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

அமிர்தம் உள்ளே போனதும் மாயவனிடம் கேட்டாள். "மலையில இத இடிச்சி ஓடையில போட்டு மீன மயங்கவெச்சிப் புடிப்பாங்க இல்லண்ணா?"

"புடிப்பாங்க."

"அப்பறம்?"

"ஒருவாட்டி சொன்னேன் பாப்பா. அப்படின்னா கொஞ்சமா போடுறான்னாங்க." அவர் கல்லைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் வேல செய்யிறவன்."

கடைக்கு அவள் போவதற்கு முன்பே அந்த வீட்டிலிருந்து போன் போயிருந்தது. இளஞ்செழியன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை. மழை பெய்தால் சட்டையைக் கழட்டிக் கொடுப்பார், நனையாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு.

"காரணம் தெரிஞ்சிடுச்சில்ல? அது போதும் நமக்கு. நீ கை வெக்காத. வாசல்ல நின்னு போன்ல சொல்லு, மாயவன் செய்யட்டும். ஃபங்ஷன் முடிஞ்சி அவுரு பணம் செட்டில் பண்ணாருன்னா விழுப்புரம் கடைக்கு அட்வான்ஸ். சாவி உனக்குத்தான், நான் சொன்னா சொன்னதுதான்."

"சார், நுரைக்குக் காரணம் என் கை இல்ல. அவங்க கழுவறது."

"ரெண்டும் ஒண்ணுதான. நீ தொடலின்னா அவங்க கழுவ மாட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணா?"

"இசை, எனக்குத் தெரியாதா? எனக்கும் அசிங்கமாத்தான் இருக்குது. அதுக்காக மீன வெச்சிகினு புரட்சி பண்ண முடியுமா?"

அவள் சாவியை நினைத்தாள். விழுப்புரத்தில் தன் பெயர் யாருக்கும் தெரியாத ஒரு தெருவில், தான் திறந்து தான் மூடுகிற ஒரு ஷட்டர். அதற்காக வாயைக் கட்டிக்கொண்டாள். கல்லையெல்லாம் மாற்றி, தண்ணீரை மாற்றி, மிச்ச நுரையை உறிஞ்சுகிற கார்பன் கரி போட்டு, எல்லாமே வாசல்படிக்கு வெளியே நின்று சொல்லிச் செய்யவைத்தாள். தொட்டி தெளிந்தது. செத்தது போக மிச்சமிருந்த மீன்கள் தேறின.

கிரகப்பிரவேசத்தன்று பந்தலில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தார்கள். ஏதாவது என்றால் போனில் சொல்வதற்கு. வெள்ளை வேட்டிகளும் சாதிச் சங்கத்துத் துண்டுகளுமாக உள்ளே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மறியலில் உட்கார்ந்த பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். முதல் பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம். கூடத்து ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு கேட்டது. அஜித்குமார்தான் தொட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அது பெரிய கூத்து மாமா. டப்பு டப்புனு நுரை. தண்ணிய மாத்தறோம், மிஷின மாத்தறோம், ஒண்ணும் வேலைக்காவல. அப்பறம் பாத்தா, அந்தப் பொண்ணு கைய வெச்சாதான் பொங்குது. எடுத்தா அடங்கிடுது. நான் சொல்லல, அவளே டெஸ்ட் பண்ணி அவளே ஒத்துகினா."

"மீனுக்குத் தெரிஞ்சது கவர்மெண்டுக்குத் தெரியலியே" என்று யாரோ சொன்னார்கள். கூடமே சிரித்தது.

இசைவாணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு வாரப் பரிசோதனை அவளுக்கே எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இனி அந்தத் தொட்டி தெளிவாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர்கள் சொல்வது சரி என்றுதான் ஆகும்.

அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஏறியது. உள்ளே விளக்கும் விசிறியும் திரும்ப வந்தன. கொஞ்ச நேரத்தில் மாயவனின் போன். "பாப்பா, பம்ப்பு உறுமுது, தண்ணி வரல. மீனுங்க மேல வருது."

"காத்து புடிச்சிகினு இருக்கும்ணா. பெரிய கல்லுக்குப் பின்னாடி குழாய் இருக்குது பாருங்க, அத லூஸ் பண்ணி மறுபடி மாட்டுங்க."

"எங்கை உள்ள போவல பாப்பா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தச் சந்தில் நுழைகிற கை அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவள் எழுந்து உள்ளே போனாள்.

கூடத்தில் எல்லோரும் தொட்டியைப் பார்த்து நின்றார்கள். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் கோமாளி மீன் ஒன்று தலைகீழாகச் சரிந்து சரிந்து நிமிர்ந்தது. அமிர்தம் பட்டுப்புடவையில் குறுக்கே வந்து நின்றாள். "அங்கயே நில்லு. அங்கேர்ந்தே சொல்லு. அவன் செய்வான்."

"அவரால முடியாதும்மா. கை போவாது."

தங்கதுரை எழுந்து வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். அவள் அவரை ஐயா என்று கூப்பிட்டதில்லை. சார் என்றுதான் கூப்பிடுவாள். அவரும் அதைக் கவனித்ததாகக் காட்டியதில்லை.

"சார், அம்மா கழுவற பூந்திக்கொட்டைதான் நுரைக்குக் காரணம். மீன் செத்ததுக்கும் அதான் காரணம். என் கை இல்ல. இத்தினி பேரு முன்னாடி உங்க பையன் சொன்னாரு. அதனால நானும் இத்தினி பேரு முன்னாடி சொல்றேன்."

தங்கதுரை தலையை ஆட்டினார். "நீ சொல்றது சரிதாம்மா" என்றார். "எனக்கும் தெரியும். இளஞ்செழியன் சொன்னாப்ல. அதனாலதான் நீ தொடாதங்கறேன். வூட்டுப் பொம்பளைங்க மனச நான் மாத்த முடியுமா? நீ படிச்ச பொண்ணு, நீதான் புரிஞ்சி நடந்துக்கணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, அப்படியே இருக்கச் சொன்னார்.

"உங்க பந்தியில ஊத்தன பாயசம் உங்க மில்லு ஜவ்வரிசிதான சார்? அந்தக் கிழங்க உரிச்சது எங்கம்மா மாரி பொம்பளைங்க. வெறுங்கையில. அத எதுல கழுவுனீங்க?"

யாரோ ஒரு பெரியவர், "யாருய்யா இது, வெளிய அனுப்புங்கய்யா" என்றார். இளஞ்செழியன் பந்தியிலிருந்து எழுந்து, எச்சில் கையோடு வாசலில் வந்து நின்று, "இசை, வேணாம், வந்துடு" என்றார். அவர் குரல் கெஞ்சியது.

அவள் தொட்டியைப் பார்த்தாள். கை வைக்காவிட்டால் பம்ப் ஓடாது, மீன் சாகும். கை வைத்தால் கழுவுவார்கள், மீன் சாகும். இதற்கு நடுவில் அவள் படித்த எந்தப் பாடத்திலும் ஒரு வழி இல்லை. அப்போதைக்குச் செத்துக்கொண்டிருந்தது கண்ணெதிரில் இருந்தது. அவள் சுடிதார் கையைத் தோள்வரைக்கும் சுருட்டினாள். அமிர்தத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. இழுக்க வேண்டுமானால் தொட வேண்டும்.

குழாயைக் கண்டுபிடித்து, திருகி, அடைத்திருந்த காற்றை விட்டாள். பெரிய குமிழ்கள் கையை உரசிக்கொண்டு மேலே போயின. பம்ப் உறுமல் நின்று, தண்ணீர் சீராக வந்து விழுந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் உடனே கையை எடுக்கவில்லை. அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"ஓடுது" என்று இறங்கினாள். சொட்டுகிற கையைத் துடைக்காமல் தங்கதுரையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப மீன் நல்லா இருக்குது. கழுவலின்னா நாளைக்கும் நல்லா இருக்கும். இனிமே அது உங்க வேல."

பந்தல் வழியாக அவள் நடந்து போனபோது அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மாயவன் கூப்பிட்டார். அவள் வீட்டில்தான் இருந்தாள். வேலை இனி இல்லை என்று இளஞ்செழியன் இரவே மெசேஜ் அனுப்பியிருந்தார். கூடவே கும்பிடுகிற இரண்டு கை படமும் போட்டிருந்தார்.

"பாப்பா, ஜனங்க போன ஒடனே கழுவச் சொன்னாங்க. நெறைய போட்டாங்க. அந்த அம்மா கையாலயே ஊத்தனாங்க."

"ஒண்ணுகூட இல்லயாண்ணா?"

"எல்லாம் மெதக்குது. நீ கைய வெச்சதாலதான்னு ஊரெல்லாம் பேச்சு."

வெளியே மில் வேன் ஹாரன் அடித்தது. ராஜாம்பாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அந்த வேனில் தனக்கும் ஒரு இடம் பிடிக்க வேண்டியிருக்கும் என்று இசைவாணிக்குத் தெரிந்திருந்தது.

"வேற மீன் வாங்கறாங்களாம்" என்றார் மாயவன். "நீ வர வேணாமாம். எப்பிடி வெக்கிறது, இன்னா போடறதுன்னு மட்டும் உங்கிட்ட போன்ல கேட்டு எழுதிக்கச் சொன்னாங்க. தம்பி பக்கத்துலதான் நிக்குது, பேப்பர் வெச்சிகினு."

"சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"அப்பிடியே சொல்லவா?"

"அப்பிடியே சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவர் யாருக்கோ முனகுவது கேட்டது. அஜித்குமாரின் குரல் உயர்ந்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தள்ளிப் போனது. மாயவன் போனை வைக்கவில்லை.

"பாப்பா, இந்தத் தண்ணிய இன்னா பண்றது? வாழைக்குத் திருப்பி வுடச் சொல்றாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறடித் தொட்டி உப்புத் தண்ணீர். அந்த வீட்டுப் பின்பக்க வாழைக்கன்றுகள் எல்லாம் இந்தக் கோடைக்குள் கருகும். எவன் ஊற்றினான் என்று கேட்டால், ஊற்றியவன் மாயவன்.

"வேணாண்ணா. உப்பு. பட்டுப்போயிடும்" என்றாள். "ரோட்டு மேலயே ஊத்துங்க."